மிடறும் எருத்தும்: கழுத்துத் தசைகளின் தமிழ்ப் பெயரீட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மனிதக் கழுத்தின் தசைகளைத் தமிழில் பெயரிட்டு விளக்கும் முயற்சிக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு. பழந்தமிழ்ச் சொல்வளத்தில் கழுத்தின் முன்புறமும் பின்புறமும் தொழில் நோக்கில் தனித்தனியே பெயர் பெற்றிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் நடத்திய மருத்துவத் தமிழாக்கப் பணி, இருபதாம் நூற்றாண்டில் சேலத்திலும் கோவையிலும் நிகழ்ந்த கலைச்சொல் முயற்சிகள் ஆகியவற்றின் பின்னணியில், இப்பழஞ்சொற்கள் கலைச்சொல்லாக்கத்தில் ஏன் இடம்பெறவில்லை என்பதையும், அதனால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நேரும் பொருள் மயக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கழுத்துத் தசை, மிடறு, எருத்து, சுவல், பிடரி, அங்காதிபாதம், கிறீன், கலைச்சொல்லாக்கம், கொங்கு வட்டார வழக்கு.

முன்னுரை

உரத்துச் சண்டையிடுவோரைக் குறித்துக் ‘கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்’ என்று கூறுவது தமிழ்ப் பேச்சில் இயல்பாக வழங்கும் தொடர். உடற்கூற்றியல் நோக்கில் இத்தொடரை ஆராய்ந்தால், புடைப்பது எது என்ற வினா எழுகிறது. உரக்கக் கத்தும்போது மார்புக்கூட்டின் உள்ளழுத்தம் உயர்வதால், கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குச் சற்றே கீழ் ஓடும் புறக் கழுத்துச் சிரை இரத்தம் தேங்கிப் புடைக்கிறது. அதற்கு அடியில், காதின் பின்புற எலும்பு முனையிலிருந்து மார்பெலும்பை நோக்கிச் சாய்வாக இறங்கும் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு தசை இறுகிக் கயிறுபோல் எழுகிறது. இவற்றின்மேல் போர்வையாகப் படர்ந்திருக்கும் பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய தசையும் தாடைக்குக் கீழ்ப் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஒரு சிரையும் இரு தசைகளும் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உண்மையான நரம்பு எதுவும் இங்குப் புடைப்பதில்லை.

இதனை மக்களின் அறியாமை எனக் கொள்வது பிழை. யாழின் தந்தியும் நரம்பே. இலையில் ஓடும் கோடும் நரம்பே. நீண்டு, இழுபட்டு, மேலே தெரியும் எதற்கும் வழங்கிய பொதுச்சொல்லை மேலை மருத்துவம் ஒரே ஒரு பொருளுக்கு ஒதுக்கிக்கொண்டது. சொல் ஒதுக்கப்பட்டபோது அதன் பழைய பொருள்கள் பேச்சிலிருந்து மறைந்துவிடவில்லை. ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்று கூறி வரும் நோயாளிக்கும் ‘நரம்புக்கு ஒன்றும் இல்லை, தசைதான்’ என்று விடையளிக்கும் மருத்துவருக்கும் இடையே அந்த இடைவெளி இன்றும் நிலவுகிறது. கழுத்து இவ்விடைவெளியை அளந்தறிய ஏற்ற உறுப்பு. இருபது இணைக்கு மேற்பட்ட தசைகள் ஒரு சாண் நீளத்துக்குள் அடர்ந்திருக்கும் பகுதி அது.

பழந்தமிழில் கழுத்து

தமிழில் கழுத்தைக் குறிக்கும் சொற்கள் பல. கழுத்து, மிடறு, களம், கண்டம், எருத்து, எருத்தம், பிடர், பிடரி, சுவல், கந்தரம், கிரீவம் என்பன அவற்றுள் சில. நிகண்டு மரபு இவற்றைப் பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழியாகவே அடுக்கிச் செல்கிறது. வழக்கை நோக்கினால் இவை ஒரே பொருளன அல்ல என்பது விளங்கும்.

மிடறு என்பது கழுத்தின் உட்பகுதி, முன்பகுதி. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலி பிறக்கும் எட்டு இடங்களுள் மிடற்றை ஒன்றாக வைக்கிறது. வாய்ப்பாட்டு மிடற்றுப் பாடல் எனப்பட்டது. ஒரே விழுங்கலில் உட்கொள்ளும் நீர் ‘ஒரு மிடறு’ என இன்றும் அளக்கப்படுகிறது. சிவபெருமானின் நீலமிடறும் நஞ்சு விழுங்கப்பட்டு நின்ற இடம் என்னும் தொன்மத்தையே சுட்டுகிறது. ஆக, ஒலித்தலும் விழுங்கலும் நிகழும் இடம் மிடறு.

எருத்து அவ்வாறன்று. யானையின் மீது பாகனோ அரசனோ அமரும் இடம் எருத்தம். காளையின் மீது நுகம் படியும் இடமும் எருத்தே. சுமையைத் தாங்கும் பின்கழுத்து என்பதே இச்சொல்லின் உள்ளீடு. யாப்பிலக்கணம் இச்சொல்லை எடுத்துக்கொண்ட விதமும் கருதத்தக்கது. ஆசிரியப்பாவின் ஈற்றயலடி எருத்தடி எனப்படுகிறது. பரிபாடலின் உறுப்புகளுள் ஒன்று எருத்து. பாட்டையும் ஓர் உடலாகக் கருதி, ஓர் உறுப்பை மற்றோர் உறுப்போடு இணைத்துத் தாங்கும் பகுதிக்கு இப்பெயரை இட்டனர் எனலாம்.

சுவல் என்னும் சொல் இன்னும் நுட்பமானது. தோளின் மேற்புறம், பிடரி, குதிரையின் கழுத்துமயிர், மேட்டுநிலம் என்னும் பொருள்களை அகராதிகள் தருகின்றன. கழுத்து தோளோடு சேரும் சரிவான மேடு இது. பல்லக்குத் தண்டும் காவடித் தண்டும் அமரும் இடம். கொங்குநாட்டு ஊர்களிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி சுமந்து நடப்போரின் உடலில் தண்டு எங்கு அழுந்துகிறதோ, அவ்விடத்துக்குப் பழந்தமிழ் இட்ட பெயர் சுவல். நிலத்தின் மேட்டுக்கும் உடலின் மேட்டுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, அப்பகுதியின் வடிவத்தை நன்கு உற்றுநோக்கியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இப்பாகுபாடு இக்கால உடற்கூற்றியலின் பாகுபாட்டோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. கழுத்தின் முன்புறத்தில் நாவடி எலும்புக்கு மேல் நான்கும் கீழ் நான்குமாக எட்டு இணைத் தசைகள் உள்ளன. நாவடி எலும்பையும் குரல்வளையையும் ஏற்றி இறக்குவது அவற்றின் தொழில். விழுங்கும்போதும் பாடும்போதும் அவையே இயங்குகின்றன. பின்புறத்திலுள்ள தசைகள் தலையைச் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை. மிடற்றுத் தசைகள், எருத்துத் தசைகள் என்று பிரித்தால் ஒரு மாணவருக்கு மனப்பாடத்தின் பாதிச் சுமை குறையும். எனினும் பிற்காலக் கலைச்சொல் தொகுப்புகளில் கழுத்து என்னும் பொதுச்சொல்லே பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் நின்றது. இதற்கான காரணத்தை அறியத் ‘தசை’ என்னும் கருத்துருவின் வரலாற்றைக் காண வேண்டும்.

ஊனிலிருந்து தசைக்கு

சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளுள் ஒன்று ஊன். அது எண்ணிக்கைக்கு உட்படாத ஒரு பொருள். நீர், மண் போன்று அளவால் மிகும், குறையும். தசை என்னும் சொல்லும் அதன் மாற்று வடிவமான சதையும் பழைய வழக்கில் இவ்வாறே ஊனைக் குறித்தன. ‘தசைகள்’ என்னும் பன்மையும், ஒவ்வொன்றுக்கும் தோற்றம், பற்றிடம், நரம்பு, செயல் என நான்கு இலக்கணம் கூறும் முறையும் மேலை உடற்கூற்றியல் தமிழுக்குக் கொண்டுவந்தவை. அம்மேலை மரபிலும் இது மிகப் பழையதன்று. 1543இல் வெளிவந்த வெசாலியஸின் நூலில் தோலுரித்து நிற்கும் மனித உருவங்களே, ஒவ்வொரு தசையையும் தனி உறுப்பாகக் காணும் பார்வையை ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் நிலைநாட்டின.

இந்திய மரபில் தசையை எண்ணிக் கணக்கிடும் முயற்சி இல்லாமலில்லை. சுசுருத சங்கிதை உடலில் 500 பேசிகள் உள்ளன என்கிறது. கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்தும் அதற்கு மேலும் 34. இந்த 34இல் கழுத்துக்கு உரியவை 4 மட்டுமே. தாடைக்கு 8 ஒதுக்கப்பட்டுள்ளன. கழுத்தின் பக்கங்களில் ஓடும் இரு பெருந்தசைகளையும் பின்கழுத்தின் இரு பக்கத் திரட்சிகளையும் சேர்த்தால் நான்கு வரும். தோலின் வழியே கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவன அவையே. ஆழத்திலுள்ளவற்றை அம்மரபு எண்ணவில்லை எனக் கொள்ள இடமுண்டு. (அபிநய தர்ப்பணம் கழுத்தசைவுகளையும் நான்காகவே வகுக்கிறது. இரண்டையும் முடிச்சிட்டுக் காட்டும் ஆர்வம் சிலருக்கு எழலாம். நாட்டிய சாத்திரம் ஒன்பதாக வகுப்பதை நினைவிற்கொண்டால் அவ்வார்வம் அடங்கும்.)

வர்ம மருத்துவம் முற்றிலும் வேறான வரைபடத்தை வைத்திருந்தது. 108 வர்மங்களுள் கழுத்தையும் பிடரியையும் சார்ந்தவை பல. பிடரி, காக்கட்டை முதலிய உறுப்புப் பெயர்களே வர்மங்களின் பெயர்களிலும் காணப்படுகின்றன. எங்கே தட்டினால் என்ன நேரும், எவ்வாறு இளக்க வேண்டும் என்பதே இம்மரபின் வினா. தசை எங்கே தோன்றி எங்கே பற்றுகிறது என்பது அதன் வினாவன்று. குமரிப் பகுதியில் வழிவழியாகப் பாதுகாக்கப்பட்ட இச்சொற்கள் பொதுக் கலைச்சொல் குழுக்களின் பார்வைக்கு எளிதில் வரவில்லை. வந்திருந்தால் பிடரிப் பகுதிக்கேனும் சில நல்ல சொற்கள் கிடைத்திருக்கும்.

மானிப்பாயில் கிரேயின் நூல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் மருத்துவப் பணியோடு மருத்துவக் கல்வியையும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், தாயகம் சென்று 1862இல் மீண்ட பின்னர்த் தமிழ்வழிக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் ஊரைவிட்டு அரசுப் பணிகளுக்குச் சென்றுவிடுவதும், மக்களிடமிருந்து நடையுடையால் விலகி நிற்பதும் அவரை இம்முடிவுக்குத் தள்ளின. 1873இல் தாயகம் திரும்பிய அவர் அங்கிருந்தும் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார்; 1884இல் மறைந்தார். தமிழருக்கான மருத்துவத் தொண்டர் என்று தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

கழுத்துத் தசைகளின் வரலாற்றுக்கு அவருடைய நூல்களுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, கால்வின் கட்டர் எழுதிய பாடநூலின் தமிழாக்கமாகிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். கட்டரின் மூலநூல் கல்லூரிகளுக்கும் குடும்பங்களுக்குமாக எழுதப்பட்டது. ஒவ்வொரு உறுப்பையும் விளக்கிய பின் அதன் நலம் பேணும் முறையையும் தனியே கூறுவது அந்நூலின் அமைப்பு. தசைகளுக்குரிய பகுதியில் நிமிர்ந்து அமர்தலின் தேவை வலியுறுத்தப்படுகிறது. மேசைமுன் குனிந்து அமரும் மாணவரின் கழுத்தும் முதுகும் பற்றிய கவலை கணினி வந்த பிறகு தோன்றியது என எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

இரண்டாவது, ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலைத் தழுவி 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம். கிரேயின் மூலநூல் இலண்டனில் 1858இல்தான் முதன்முதல் வெளிவந்தது. நூலாசிரியர் 1861இல் பெரியம்மையால் 34 வயதிலேயே இறந்துபோனார். அதன் படங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரோ நூல் வெளிவந்த ஆண்டிலேயே பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். மதுரையின் பெயரால் ‘மதுரைக்கால்’ என வழங்கிய பூஞ்சை நோயைப் பற்றிப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார். இலண்டனில் வெளிவந்து பதினான்கே ஆண்டுகளில் ஒரு முழுமையான உடற்கூற்றியல் நூல் தமிழில் கிடைத்தது என்பது எளிய செய்தியன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கார்ட்டரின் படங்களில் ஒரு புதுமை உண்டு. அதற்கு முந்தைய நூல்கள் பலவற்றில் உறுப்புகளின் மீது எழுத்துக் குறியோ எண்ணோ இருக்கும். பெயரை அடியில் தேடிக் காண வேண்டும். கார்ட்டர் பெயரை உறுப்பின் மீதே, அதன் போக்கிலேயே எழுதினார். கழுத்துப் பகுதிப் படத்தில் தசையின் பெயர் தசையின் சாய்விலேயே சாய்ந்து ஓடுகிறது. பெயரும் பொருளும் ஒன்றெனக் கண்ணில் படியும் இம்முறை, பெயரின் நீளத்தைப் பெருஞ்சிக்கலாக ஆக்கியது. சிறிய தசையின் மீது நீண்ட பெயரை எழுத இயலாது. தமிழாக்குவோர்க்கு இது இலக்கணச் சிக்கல் மட்டுமன்று, இடச் சிக்கலுமாகும்.

கிறீன் கையாண்ட சொல்லாக்க நெறி எளியது. தமிழில் சொல் இருந்தால் அதையே கொள்க; இல்லையெனில் வடமொழியில் தேடுக; அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுக. நூல்களோடு கலைச்சொல் தொகுதிகளையும் அவர் வெளியிட்டார். அவருடைய நூற்பெயர்களே இந்நெறியின் விளைவைக் காட்டுகின்றன. ‘கெமிஸ்தம்’ என்பது மூன்றாம் படியின் பயன். ‘இரண வைத்தியம்’, ‘பிரசவ வைத்தியம்’ என்பன நடுப்படியின் பயன். ‘அங்காதிபாதம்’ என்பது கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய வடிவங்களின் ஓசையை நினைவூட்டுகிறது. தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் புலவர் மரபில் கழுத்து சங்குக்கும் கமுகுக்கும் உவமையாயிற்று. அதே ஓசையுடைய பெயரின்கீழ் அது எலும்பாகவும் தசையாகவும் பிரிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பில் அவருடைய தமிழ் மாணாக்கர்கள் பெரும்பங்கு ஏற்றனர். இப்பணியை ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலால் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஈழத்துக் கவிஞர் அம்பி.

கிறீனின் நெறியில் ஒரு குறையும் உண்டு. ‘தமிழில் சொல் உண்டா’ என்னும் வினா, ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு சொல் உண்டா என்பதாகவே நடைமுறையில் அமைந்துவிடுகிறது. உறுப்பை முன்வைத்து ‘இதனைத் தமிழர் என்னவென்று அழைத்தனர்’ என்று கேட்பது வேறு. இலத்தீன் பெயரை முன்வைத்து ‘இதற்குத் தமிழ் என்ன’ என்று கேட்பது வேறு. சுவலும் எருத்தும் இரண்டாம் வினாவுக்கு விடையாக வரா. ஏனெனில் எந்த இலத்தீன் பெயருக்கும் அவை சொல்லுக்குச் சொல் நிகரல்ல.

சேலமும் கோவையும்

கிறீனுக்குப் பின் இப்பணி நீண்ட காலம் தளர்ந்தது. மீண்டும் முனைப்புடன் எழுந்த இடங்களுள் கொங்குநாடும் ஒன்று. சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து 1916இல் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கத்தையும் இதழையும் தொடங்கினர். பாரதியார் அம்முயற்சி பற்றி எழுதினார். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தமிழ் வேர்களை முதன்மைப்படுத்திய கலைச்சொல் தொகுப்பை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சார்பானது எனக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சொல் தமிழா வடமொழியா என்னும் இப்பூசலில் பெரும் ஆற்றல் செலவாயிற்று. தசையின் பெயர் அதன் தொழிலைச் சொல்லுமா, வடிவத்தைச் சொல்லுமா என்னும் வினா எழவே வாய்ப்பில்லாது போயிற்று.

விடுதலைக்குப் பின் கோவையின் பங்கு கணிசமானது. கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இருவரும் கொங்குநாட்டினர். ஜி. ஆர். தாமோதரன் 1940களின் இறுதியில் கோவையில் தொடங்கிய ‘கலைக்கதிர்’ அறிவியலைத் தமிழில் எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்கும் ஒரு பயிற்சிக்களமாகத் திகழ்ந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. ஆனால் 1966இல் தொடங்கப்பட்ட கோவை மருத்துவக் கல்லூரி ஆங்கிலவழியிலேயே அமைந்தது. எனவே உடற்கூற்றியல் சொற்கள் பள்ளிப் பாடநூலின் எல்லையில் நின்றன. பள்ளிப் பாடநூலுக்குக் கழுத்தில் இரண்டு மூன்று தசைகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை. பயன்பாடு இல்லாத இடத்தில் சொல் வளராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வடிவமா, தொழிலா

இலத்தீன், கிரேக்கப் பெயர்கள் எல்லாம் ஆழ்ந்த பொருளுடையவை என்னும் எண்ணம் தமிழ்ச் சொல்லாக்கத்தை மிகுதியும் ஆட்டிவைத்துள்ளது. மஸ்குலஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கே சுண்டெலி என்பதுதான் பொருள். டிரபீசியஸ் தசையின் இணை நாற்கர வடிவில் தெரிவதால் அப்பெயர். துறவியின் முக்காடு போல் தெரிவதால் அதற்கு முன்னர் குக்குல்லாரிஸ் என்று பெயர். ‘சரிவகத் தசை’ என்னும் தமிழாக்கம் வடிவியல் சொல்லை வடிவியல் சொல்லால் ஈடுசெய்கிறது. தசையைக் காணாத மாணவர்க்கு அது எதையும் காட்டாது. கண்ட மாணவர்க்கும் ஒரு பக்கத் தசை முக்கோணமாகவே தெரியும். பின்மண்டை எலும்பிலும் கழுத்து, மார்பு முள்ளெலும்புகளிலும் தோன்றி, காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பிலும் பற்றும் இத்தசையின் மேற்பகுதியே காவடித் தண்டு அமரும் மேட்டை உருவாக்குகிறது. இதனைச் சுவல்தசை என்றால் இடமும் தொழிலும் ஒரே சொல்லில் அடங்கும்.

ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு நிலை வேறு. மார்பெலும்பு, காறை எலும்பு, முலைபோன்ற எலும்பு முனை என மூன்று பற்றிடங்களைக் கோத்த பெயர் அது. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படத்திலும் அடங்காது, நாவிலும் அடங்காது. வலப்புறத் தசை சுருங்கினால் முகம் இடப்புறம் திரும்பும். இடப்புறத் தசை சுருங்கினால் வலப்புறம் திரும்பும். இரண்டும் சேர்ந்து சுருங்கினால் கழுத்து முன்னோக்கி வளையும். ‘கழுத்துத் திருப்பி’ என்னும் தொழிற்பெயர் இதற்குப் போதும். பதினோராம் மண்டை நரம்பு இதனையும் சுவல்தசையையும் ஒருங்கே இயக்குகிறது. தோளை உயர்த்தச் சொல்லியும், முகத்தைத் திருப்பச் சொல்லி எதிர்த்தடை கொடுத்தும் மருத்துவர் அந்நரம்பைச் சோதிப்பது இதனாலேயே. திருப்பியும் சுவலும் என்று கற்ற மாணவருக்கு இச்சோதனையின் காரணம் பெயரிலேயே கிடைத்துவிடும்.

எல்லாத் தசைகளுக்கும் இவ்வழி உதவும் என்று கூறுவதற்கில்லை. கழுத்தின் பக்க ஆழத்தில் முன், நடு, பின் என மூன்றாக உள்ள ஸ்கேலீன் தசைகளுக்குப் பழந்தமிழில் பொருந்தும் சொல் எதுவும் இல்லை. ஒவ்வாப் பக்க முக்கோணம் என்னும் கிரேக்கப் பொருளைத் தமிழாக்குவதால் பயனும் இல்லை. முதல் இரு விலா எலும்புகளில் பற்றி மூச்செடுப்புக்கு உதவுவதும், முன்தசைக்கும் நடுத்தசைக்கும் இடையே கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலும் தமனியும் நுழைந்து செல்வதும் இவற்றின் சிறப்பு. இங்குக் கிறீனின் மூன்றாம் படியே நேர்மையானது. ஸ்கேலீன் என்றே எழுதிவிட்டு விளக்கத்தைத் தெளிவாகத் தருவது, விளங்காத புதுச்சொல்லைப் புனைவதினும் மேல்.

மேலையுலகிலும் பெயர்கள் நிலைத்து நின்றவையல்ல. 1895இல் பாசல் நகரிலும் 1955இல் பாரிசிலும் கூடிய அறிஞர் குழுக்கள் உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியல்களைத் திருத்தி ஒருமுகப்படுத்தின. 1998இல் மற்றொரு பட்டியல் வெளிவந்தது. தமிழில் அத்தகைய ஒருமுகப்படுத்தலின் தேவை இப்போது கூடியிருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கல்வியியல் பணிகள் கழகத்தின் முயற்சியில், கிரேயின் பெயரைத் தாங்கிய மாணவர் பதிப்பு 2023இல் தமிழில் வெளிவந்தது. மானிப்பாய் நூலுக்கும் இதற்கும் இடையே 151 ஆண்டுகள். இரண்டின் மூலநூல்களும் வேறு வேறு எனினும், கழுத்துப் பகுதியின் கலைச்சொற்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது தமிழ் ஆய்வாளர் ஒருவர் முழு ஆய்வாகவே மேற்கொள்ளத்தக்க பணி.

பொடனியும் சரவணம்பட்டியும்

கோவை மாநகரின் வடபுறத்தில் சத்தியமங்கலம் சாலையில் அமைந்த சரவணம்பட்டி, 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கவலை இறைத்து வேளாண்மை நடந்த வட்டாரத்தில் இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் பொறியியல் கல்லூரிகளும் நிற்கின்றன. கழுத்தின் வரலாற்றில் இம்மாற்றத்துக்குத் தனிப் பொருள் உண்டு. சும்மாடு வைத்துத் தலையில் சுமை கொண்டு நடந்தவரின் கழுத்துக்கும், நாள் முழுதும் திரையை நோக்கிக் குனிந்திருப்பவரின் கழுத்துக்கும் இயக்கவியல் வேறு. தலைச்சுமை முள்ளெலும்புத் தூணின் வழியே நேராகக் கீழிறங்குகிறது. தசைகள் அதனை நிலைகுலையாமல் பிடித்தால் போதும். ஆப்பிரிக்கப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவின்றித் தலையில் சுமக்க இயன்றதை 1986இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இதனால் தலைச்சுமை தீங்கற்றது என்று ஆகிவிடாது. முள்ளெலும்புத் தேய்வு வேறு கணக்கு.

குனிந்த தலை முதல்வகை நெம்புகோல். மண்டையோடு முதல் கழுத்தெலும்பில் அமரும் மூட்டு சுழலிடம். முகத்தின் எடை ஒருபுறம். பிடரித் தசைகளின் இழுப்பு மறுபுறம். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை முன்னோக்கிச் சாயச் சாயப் பின்தசைகள் இழுக்க வேண்டிய விசை பெருகுகிறது. 60 பாகை குனிந்தால் கழுத்தின் மீது ஏறத்தாழ 27 கிலோ சுமைக்கு நிகரான விசை விழும் என 2014இல் வெளியான ஹன்ஸ்ராஜ் என்பாரின் மதிப்பீடு செய்தித்தாள்களில் பெரிதும் பேசப்பட்டது. அது கணினி மாதிரியில் பெற்ற எண். மனிதர் உடலில் நேரடியாக அளந்ததன்று. எண்ணை ஐயுறலாம், பெருகும் திசையை ஐயுற இடமில்லை.

இவ்வாறு வலியெடுத்து மருத்துவமனைக்கு வரும் கொங்குநாட்டார் கூறும் சொல் ‘பொடனி’. பிடரி என்பதன் வட்டாரத் திரிபான இச்சொல் கழுத்து முழுவதையும் குறிப்பதில்லை. மண்டையோட்டின் அடிவிளிம்பும் கழுத்தின் மேற்பின்புறமும் சேரும் குழிவான இடத்தையே குறிக்கிறது. அவ்விடத்தின் ஆழத்தில் பக்கத்துக்கு நான்காகச் சிறு தசைகள் உள்ளன. முதல் இரு கழுத்தெலும்புகளையும் மண்டையோட்டையும் இணைத்து, தலையசைப்பின் நுண்ணிய திருத்தங்களைச் செய்பவை அவை. அவற்றுள் மூன்று தசைகள் சூழ்ந்த முக்கோணத்தின் வழியே முள்ளெலும்புத் தமனி மூளையை நோக்கிச் செல்கிறது. அத்தசைகள் இறுகினால் வலி பிடரியில் தொடங்கித் தலையின் மேல் ஏறும்.

‘பொடனி வலி’ என்று கூறுபவர் இடத்தைத் துல்லியமாகவே சுட்டுகிறார். நோய்க்குறிப்பில் அது ‘கழுத்து வலி’ என்று எழுதப்படும்போது அத்துல்லியம் இழக்கப்படுகிறது. பின்னர் அதே மருத்துவர் விரலால் அழுத்தி இடத்தை மீண்டும் தேட வேண்டியிருக்கிறது. நெல்லைப் பகுதியின் ‘பிடதி’யும் இத்தகைய சொல்லே. ‘கழுத்துப் பிடிப்பு’ என்பது மக்கள் வழக்கில் பக்கவாட்டுத் தசைகளின் இறுக்கத்தைக் குறிப்பது. முகம் ஒருபுறம் திரும்ப மறுப்பதே அதன் அடையாளம். ‘தொண்டை அடைப்பு’ மிடற்றைச் சார்ந்தது. மக்களின் பேச்சு வழக்கில் முன், பக்கம், பின் என்னும் மூன்று பகுதிகளும் கலவாமல் நிற்கின்றன. கோவையின் செவிலியர் பள்ளிகளிலும் இயன்முறை மருத்துவக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுள் பெரும்பாலோர் இவ்வழக்கைப் பேசி வளர்ந்தவர்களே. அவர்தம் வகுப்பறையில் பொடனி என்னும் சொல் ஒருமுறையேனும் கரும்பலகையில் எழுதப்படுமாயின், அதன்கீழ் நான்கு சிறு தசைகளின் இலத்தீன் பெயர்களை எழுதுவது எளிதாகும்.